கண்ணொளி காசுள்ளவனுக்கு மட்டும்தானா?

சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி என்று ஒரு பேச்சு நெடுநாளாக இருந்து வருகிறது. உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் அது வரும், உழைத்துத் தின்பவனை அண்டாது என்று நமது தோழர்களிலேயே பலர் நம்புகிறார்கள். இந்தப் பேச்சு பொய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை டாக்டர்களும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் கணக்கு 2023ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். கிராமங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வயது வந்தோரில் 100க்கு ஏறக்குறைய 9 பேர். களை வெட்டுகிறவர்களும், கல் உடைக்கிறவர்களும், மில்லில் இரவு ஷிப்டு நின்று வேலை செய்கிறவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

வியாதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. காசுள்ளவன் ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்கிறான். கோளாறு தெரிந்ததும் சிகிச்சை செய்துகொள்கிறான். அவன் கண் தப்புகிறது. கூலிக்காரன் கண் மங்கிய பிறகு டாக்டரிடம் போகிறான், "ஆறு மாதம் முன்னே வந்திருக்கக் கூடாதா?" என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வருகிறான். இது விதியா? இல்லவே இல்லை. கண்ணைக் காக்கும் வைத்தியம் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அது உழைப்பாளிக்கு ஏன் எட்டவில்லை என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

தண்ணீரும் வைத்தியமும்

தருமபுரி ஜில்லா பென்னாகரம் தாலுகாவில் உள்ளது ஏரியூர். 1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் தேக்கம் இந்த ஒன்றியத்தின் நாகமரை வரை வந்து நிற்கிறது. தண்ணீர் கண்ணெதிரே கடல்போல் கிடக்கிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் விதைத்த மேட்டுக் காடோ வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. காவிரியின் உபரி நீரைக் கொண்டுவந்து ஏரிகளை நிரப்புங்கள் என்று ஜில்லா முழுவதும் ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மழை பொய்த்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

ஆகவே இங்கே மில் தொழிலாளி வேறு, விவசாயத் தொழிலாளி வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் ஊரில் கூலிக்குக் காட்டு வேலை செய்வான். தம்பி பஞ்சாலையில் நிற்பான். இருவருக்கும் சர்க்கரை இருக்கும். கண்ணைப் பற்றிய பேச்சை இந்த அண்ணன் தம்பி இருவரையும் மனதில் வைத்தே நாம் பேச விரும்புகிறோம். தண்ணீரைப் போலத்தான் வைத்தியமும் அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது. கைக்கு எட்டாமல் இருக்கிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

சினிமாக் கொட்டகையில் படம் விழுவதற்குத் திரை இருப்பதுபோல் கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதுவே விழித்திரை. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதன் நடுவில் ஒரு சிறு புள்ளி உண்டு. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவதும் அந்தப் புள்ளியின் வேலை. சுற்றியுள்ள பரப்போ பக்கவாட்டில் வருவதைப் பார்க்கவும் இருட்டில் வழி தெரியவும் உதவுகிறது.

இந்தத் திரைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களை வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களாக எண்ணிக்கொள்ளுங்கள். பல ஆண்டு ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் வாய்க்காலின் கரை இற்றுப்போகிறது. சில இடத்தில் கசிகிறது. சில இடத்தில் அடைத்துக்கொள்கிறது. கசிந்த நீர் நடுப்புள்ளியில் தேங்கினால் பார்வை மங்குகிறது. இது ஒரு வகைக் கேடு.

வாய்க்கால் அடைத்த இடத்தில் கடைமடை காய்கிறது. காய்ந்த பரப்பு "ரத்தம் வேண்டும், ரத்தம் வேண்டும்" என்று கூக்குரலிடுகிறது. அந்தக் குரலுக்குப் புதிய நாளங்கள் முளைக்கின்றன. ஆனால் அவை அவசரத்தில் போட்ட மண்கரைபோல் பலமில்லாதவை. ஒரு நாள் உடைகின்றன. கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. பிறகு தழும்பு விழுந்து, அது சுருங்கி, திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பிரிக்கிறது. அந்தக் கண் இருண்டுவிடுகிறது. இது இரண்டாவது வகை, கொடியது.

இதில் சூது என்னவென்றால், கரை உடையும்வரை வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை. பார்வைகூட நன்றாகவே இருக்கும். வலிக்காத வியாதிக்கு ஒரு நாள் கூலியை விட்டு எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்? 50 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை வியாதிக்காரர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவர் விழித்திரையில் இந்தக் கோளாறு இருப்பதாக 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வு காட்டியது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

லேசர் எப்படி வந்தது?

இதற்கு ஒளியாலேயே வைத்தியம் செய்யலாம் என்று கண்டவர் ஜெர்மானிய டாக்டர் மேயர்-ஷ்விக்கராத். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் சூடுபட்ட தழும்பு விழுவதை அவர் கவனித்தார். கெடுதல் செய்யும் சூட்டை அளவோடு, வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தால் நன்மை செய்யாதா என்று யோசித்தார். 1940களின் கடைசியில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்தார்.

1960ல் அமெரிக்காவில் மைமன் முதல் லேசர் கருவியை இயக்கினார். அதற்கான மூலக் கருத்தை 1917லேயே சொன்னவர் ஐன்ஸ்டீன். கருவிக்கு வழி காட்டிய ஆராய்ச்சிக்காக 1964ல் நோபல் பரிசு பெற்றவர்கள் மூவர்: சோவியத் விஞ்ஞானிகள் பாசோவ், புரொகோரோவ், அமெரிக்க விஞ்ஞானி டவுன்ஸ். ஒரு ஜெர்மானியர் சூரியனிடம் கற்றது, இரண்டு சோவியத் விஞ்ஞானிகளும் ஒரு அமெரிக்கரும் கணக்கிட்டது - இது மனித குலத்தின் பொதுச் சொத்து. எந்த முதலாளியின் பெட்டியிலிருந்தும் வந்ததல்ல.

லேசர் உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை 1970களில் அமெரிக்காவில் அரசாங்கச் செலவில் 15 மருத்துவ நிலையங்களில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு ஒளிச் சிகிச்சை. மற்றக் கண்ணை அப்படியே கவனித்து வந்தார்கள். இரண்டு ஆண்டில், சிகிச்சை செய்யாத கண்களில் 100க்கு 16 ஏறக்குறையப் பார்வையிழந்தன. சிகிச்சை செய்த கண்களில் 6 மட்டுமே. 1976ல் இந்த முடிவு தெரிந்தவுடன், ஆபத்து மிகுந்த மற்றக் கண்களுக்கும் சிகிச்சை செய்ய வழிவிட்டார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்தது.

என்னென்ன சிகிச்சைகள்?

லேசரிலேயே வகைகள் உண்டு. தொழிலாளி இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் டாக்டரிடம் கேள்வி கேட்க முடியும்.

முதலாவது, புது நாளங்கள் முளைத்த கண்ணுக்குச் செய்யும் சுற்றுப்புற லேசர். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, விழிமேல் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து, விழித்திரையின் ஓரப் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சூட்டுப் புள்ளிகள் வைக்கிறார்கள். இரண்டு மூன்று தவணைகளில் முடிகிறது. படுக்கையில் சேர வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பலாம். இதன் தத்துவம் விவசாயிக்கு எளிதில் விளங்கும். நீர் குறைந்த ஆண்டில் ஓரத்து வயலைத் தரிசாகப் போட்டு, இருக்கும் நீரால் நடு வயலைக் காப்பாற்றுவதில்லையா? அதேதான். ஓரப் பரப்பின் பசி அடங்கியதும் கூக்குரல் நிற்கிறது, புது நாளங்கள் வாடுகின்றன, நடுப்பார்வை தப்புகிறது.

தரிசாகப் போட்ட வயலுக்கு நஷ்டம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பக்கப் பார்வை சற்றுச் சுருங்கலாம். இரவில் பார்வை குறையலாம். இரவு ஷிப்டு முடித்து சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீடு திரும்பும் தொழிலாளிக்கு இதை முன்கூட்டியே சொல்லவேண்டியது டாக்டரின் கடமை.

இரண்டாவது, நடுப்புள்ளியின் பக்கத்தில் கசியும் இடங்களைத் தேடி வைக்கும் லேசர். பார்வை மேலும் கெடும் ஆபத்தை இது பாதியாகக் குறைக்கிறது என்று 1985ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சூட்டைத் துண்டு துண்டாக விட்டுத் தழும்பு விழாமல் செய்யும் புது வகையும் வந்திருக்கிறது. வீக்கம் அதிகமில்லாத கண்ணில் அது பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று 2022ல் பிரிட்டனில் கண்டார்கள்.

மூன்றாவது, லேசர் அல்ல. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து. புது நாளங்களை முளைக்கச் செய்யும் சத்தை இது தடுக்கிறது. நடுப்புள்ளி வீங்கிப் பார்வை குறைந்தவர்களுக்கு லேசரை விட ஊசியே மேல். போன பார்வையில் ஒரு பங்கைத் திருப்பியும் தரும். ஆனால் ஒன்று போட்டால் தீராது. தொடக்கத்தில் மாதாமாதம், பிறகு தேவைக்கேற்ப, ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணுக்குள் ரத்தம் கொட்டித் தேங்கிவிட்டாலோ, திரை இழுபட்டுப் பிரிந்துவிட்டாலோ பெரிய ஆபரேஷன்தான் வழி. அதற்குச் செலவும் அதிகம், முடிவும் நிச்சயமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். லேசர் இருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டுவராது. ஆகவே பார்வை நன்றாக இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இது. "கண்தான் நன்றாகத் தெரிகிறதே, எதற்கு லேசர்?" என்று கேட்பது கரை உடைந்த பிறகு மண் கொட்டலாம் என்பதைப் போன்றது.

லேசரா, ஊசியா?

பெரிய நகரங்களில் இன்று ஊசியே புதுமை, லேசர் பழையது என்ற பேச்சு அடிபடுகிறது. புது நாளங்கள் முளைத்த கண்ணுக்கு ஊசி மட்டும் போட்டுவந்தாலும் லேசருக்குக் குறையாத பலன் கிடைக்கிறது என்று 2015ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களைத் தேதி தவறாமல் வரவழைத்துப் பார்த்தார்கள். தேதி தவறினால் என்ன ஆகும்?

2019ல் பிலடெல்பியா நகர டாக்டர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மேல் சிகிச்சைக்கு வராமல் போய்விட்டுத் திரும்பியவர்களின் கண்களை ஒப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் முடிவு கவனிக்கத் தக்கது. லேசர் செய்த கண்கள் பெரும்பாலும் தாக்குப் பிடித்தன. ஊசி மட்டும் போட்ட கண்களில் பார்வை அதிகம் கெட்டது. திரை பிரிந்தவையும் அவற்றிலேயே அதிகம். மருந்தின் வேகம் தீர்ந்ததும் நாளங்கள் மறுபடி முளைத்துவிட்டன.

இப்போது ஏரியூர் அண்ணனை நினைத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை ஏரியூரிலிருந்து பென்னாகரம், பென்னாகரத்திலிருந்து தருமபுரி, சில சமயம் அங்கிருந்து சேலம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேர் கூலி போச்சு. பஸ் சார்ஜ் போச்சு. சாப்பாட்டுச் செலவு வேறு. கரும்பு வெட்டவோ கட்டிட வேலைக்கோ வெளியூர் போய்விட்டால் இரண்டு மாதம் தவறும். அவன் அக்கறையில்லாதவன் அல்ல. அவன் வாழ்க்கை அப்படி அமைந்திருக்கிறது.

ஆகவே நாம் சொல்கிறோம்: மாதாமாதம் வர முடியாத உழைப்பாளிக்கு, காலத்தில் செய்த லேசரே கைவிடாத காவல். அது பழையது என்பதற்காக அதை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பின்னுக்குத் தள்ள அனுமதிக்கக் கூடாது. அதே மூச்சில், நடுப்புள்ளி வீங்கியவனுக்கு ஊசிதான் தேவை என்றால் அது அவனுக்கும் கிடைக்க வேண்டும். எந்தச் சிகிச்சை என்பதைக் கண்ணின் நிலை தீர்மானிக்கட்டும். மடியின் கனம் தீர்மானிக்க வேண்டாம்!

ஊசியின் விலையில் நடந்த சூது

ஊசியின் விலை ஏன் எட்டாத உயரத்தில் இருந்தது என்பதையும் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். பெவாசிஸுமாப் என்பது புற்றுநோய்க்காக வந்த மருந்து. அதைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் போட்டால் நல்ல பலன் தருவதை டாக்டர்கள் கண்டார்கள். அதே வம்சத்து மருந்து ரானிபிஸுமாப், கண்ணுக்கென்றே விற்கப்பட்டது. 2011ல் அமெரிக்காவில் அரசாங்கச் செலவில் நடந்த ஆய்வு, முதுமையில் வரும் மற்றொரு விழித்திரை நோயில் இரண்டும் சமமாகவே வேலை செய்கின்றன என்று காட்டியது. விலையோ? ஒன்று ஏறக்குறைய 50 டாலர். மற்றது ஏறக்குறைய 2,000 டாலர்!

மலிவான மருந்து கண்ணுக்கு ஆபத்து என்ற எண்ணத்தைப் பரப்பி, விலையுயர்ந்த மருந்தை விற்பதற்காகக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று ரோச், நோவார்ட்டிஸ் என்ற இரண்டு ஏகபோகக் கம்பெனிகளுக்கும் 2014ல் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே உலக சுகாதார ஸ்தாபனம் பெவாசிஸுமாப்பைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சர்க்கரை வியாதியால் பார்வை அதிகம் குறைந்த கண்களில் மற்றொரு மருந்து முதல் ஆண்டில் கூடுதல் பலன் தந்தது என்று 2015ல் கண்டதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாற்பது மடங்கு விலைக்கு எந்த விஞ்ஞானமும் காரணம் சொல்லவில்லை. லாபம் ஒன்றே காரணம்.

நமது நாட்டில் 1961ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஸ்தாபனம் எழுந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் ஆபரேஷன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையும் அதைச் சேர்ந்ததே. பின்னர் வந்த மத்திய அரசாங்கங்கள் அதை நசியவிட்டன. அது உயிரோடு வளர்ந்திருந்தால், கண் ஊசியையும் லேசர் கருவியையும் இன்று நாமே செய்து ஜில்லா தோறும் கொடுத்திருக்க முடியாதா? வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே செய்து, விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கிய அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. செய்யத் தெரியாமல் இல்லை, செய்ய மனமில்லை.

சாக்குப் போக்குகள்

"ஜனங்களுக்கு அக்கறை இல்லை, கூப்பிட்டாலும் வருவதில்லை" என்பார்கள் அதிகாரிகள். அப்படியானால் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏன் வேர் பிடித்தது? சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. ஜனங்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். வைத்தியம் ஜனங்களைத் தேடி வந்தால் ஜனங்கள் ஓடி ஒளிவதில்லை. அதை வீடு வீடாகச் சுமந்து சென்ற பெண்களுக்கோ கிடைத்தது சம்பளமல்ல, ஊக்கத் தொகை! அந்தப் பெண்களின் கையில் மாத்திரையோடு கண் சோதனைச் சீட்டும் இருந்தால் எவ்வளவு கண்கள் தப்பும்!

"தர்ம ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே" என்பார்கள் சிலர். 1976ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரி லட்சக்கணக்கான ஏழைகளுக்குக் கண் கொடுத்திருக்கிறது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் தர்மம் வேறு, உரிமை வேறு. 1819ல் தொடங்கி இன்றும் நடக்கும் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, உலகிலேயே மிகப் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அது அரசாங்க ஆஸ்பத்திரி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் செய்ய முடிந்ததை இன்று ஜில்லாதோறும் செய்ய முடியாதா?

"இயந்திர மூளை வந்துவிட்டது, படத்தைப் பார்த்து அதுவே வியாதியைச் சொல்லிவிடும்" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2016ல் கூகிள் கம்பெனி அந்த மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த விழித்திரைப் படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இந்திய ஆஸ்பத்திரிகளின் படங்களும் உண்டு. நம் ஜனங்களின் கண்ணைப் பார்த்துக் கற்ற மூளை, நம் ஜனங்களுக்கு இலவசமாக வேலை செய்யட்டும்! மேலும் வியாதியைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதாது; லேசர் வைக்க ஆளும் கருவியும் பக்கத்தில் வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

பிரிட்டனில் 1948ல் தொழிற்கட்சி அரசாங்கம் நிறுவிய தேசிய சுகாதாரச் சேவை, 2003 முதல் சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரையை ஆண்டுதோறும் படம் பிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டியது. அரை நூற்றாண்டாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரைக் குருடாக்கும் முதல் காரணமாக இருந்த இந்த வியாதி, அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதற்கு ஆண்டுக்கொரு படமும் காலத்தில் சிகிச்சையும் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அண்டைக் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் 'நயனாமிருதம்' என்ற திட்டத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவின் குடும்ப சுகாதார நிலையங்களிலேயே நர்சுகள் விழித்திரையைப் படம் எடுத்தார்கள்.

சின்னஞ்சிறு கியூபா, வெனிசுலாவோடு சேர்ந்து 2004ல் தொடங்கிய 'அதிசயம்' என்ற இயக்கம் லத்தீன் அமெரிக்க ஏழைகளுக்கு இலவசக் கண் ஆபரேஷன் செய்தது. தோழர் சே குவேராவைச் சுட்டுக் கொன்ற பொலிவியச் சிப்பாய்க்கும் கியூப டாக்டர்கள் கண்ணொளி தந்தார்கள் என்று 2007ல் கியூபப் பத்திரிகை 'கிரான்மா' எழுதியது. கொன்றவனுக்கும் கண் கொடுத்தது சோஷலிஸ்ட் மருத்துவம். இங்கே உழைத்துச் சோறு போடுகிறவன் கண்ணுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்!

தொழிலாளர்கள் கவனத்துக்கு

மில் தோழர்களே! இ.எஸ்.ஐ. சந்தா உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறதென்றால் வைத்தியம் உங்கள் உரிமை. சந்தா நாட்கள் சரியாக இருந்தால், டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். லேசருக்குப் போகும் நாளைச் சம்பளமில்லா லீவாக விழுங்கிவிடாதீர்கள். வேலை போய்விடும் என்று பயந்து சர்க்கரையை மேஸ்திரியிடம் மறைக்கிறவர்கள் சங்கத்திடமாவது சொல்லுங்கள். மறைத்தால் வியாதி நிற்காது. கண் போன பின் வேலையும் நிற்காது.

விவசாயத் தொழிலாளர் தோழர்களே! களி தின்கிறவனுக்குச் சர்க்கரை கண்ணைத் தொடாது என்று நம்பாதீர்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் கண் கெடுவது தள்ளிப்போகும். ஆண்டுக்கொரு முறை, பாப்பாவை விரியச் செய்யும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் திடீரென்று ஒட்டடைபோல் ஆடினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். புரை என்று நினைத்துக் காத்திருப்பதும், சந்தையில் கண்ணாடி வாங்கி மாட்டுவதும், பச்சிலைச் சாறு பிழிந்து விடுவதும் கண்ணைக் கெடுக்கும்.

நமது கோரிக்கைகள்

ஏரியூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் விழித்திரைப் படம் எடுக்கும் கருவியும் அதை இயக்கும் ஆளும் வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜில்லா அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் லேசர் கருவி எந்த நாட்களில் இயங்கும், யார் சிகிச்சை செய்வார் என்று வாசலில் பலகை எழுதி வைக்க வேண்டும். கருவி பழுதானால் சில நாட்களுக்குள் சரி செய்யப்பட வேண்டும்.

லேசருக்கும் ஊசிக்கும் வரும் கூலித் தொழிலாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் சார்ஜும் அன்றைய கூலியும் நலவாரியங்கள் மூலம் தரப்பட வேண்டும். அண்ணனுக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்பதால் தம்பிக்குள்ள உரிமை அவனுக்கு இல்லாமல் போகக் கூடாது.

கண் ஊசி மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரப்பட வேண்டும். பொதுத்துறையில் அவற்றைத் தயாரிக்க வேண்டும்.

மில்களில் வேலை நேரத்திலேயே ஆண்டுதோறும் கண் சோதனை நடத்த வேண்டும். கண் குறைந்தவரை வேலையிலிருந்து நீக்காமல் மாற்று வேலை தர வேண்டும். வீடு தேடி மருந்து சுமக்கும் பெண்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும்.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் புளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் கறுத்து எலும்பு நொந்தார்கள். கேட்டுக் கேட்டு, 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இயங்கத் தொடங்கியது. அது எவரும் இரங்கிக் கொடுத்ததல்ல, கேட்டு வாங்கியது.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்த மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். ஊரில் சர்க்கரை உள்ளவர்கள் யார், கடைசியாகக் கண்ணைச் சோதித்தது எப்போது, லேசர் சொல்லியும் போகாதவர்கள் யார், ஏன் போகவில்லை - எல்லாம் எழுதுங்கள். பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை கிடைத்தால் நன்று. கிடைக்காமல் திருப்பி அனுப்பினால், அந்த நோட்டுப் புத்தகமே கலெக்டரிடம் நாம் கொடுக்கும் மகஜர்!